தாயக்கட்டையில் உருட்டிய பாஸ்வேர்டு

போன ஞாயிற்றுக்கிழமை சங்க அறையில் ஏழு அக்காக்களும் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்து, சீட்டைப் பார்க்காமல், லேப்டாப்பைத் திறந்தார்கள். பாஸ்வேர்டாக ஆளுக்கொரு சொற்றொடர், ஒவ்வொன்றிலும் எட்டுச் சொல். ஐந்து பேருக்கு முதல் தடவையிலேயே திறந்தது. இரண்டு பேருக்கு இரண்டாம் தடவை. எட்டாவதாக நான் உட்கார்ந்தேன். இந்த ஏற்பாட்டை ஆரம்பத்திலிருந்து செய்தவன் நான்தான். மூன்று தடவை அடித்தும் எனக்குத் திறக்கவில்லை. ஏன் என்பது கடைசியில் வரும்.

சங்கம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். கிழக்கு பெங்களூரில் வீட்டு வேலை செய்யும் பெண்களின் சின்னச் சங்கம். பெரும்பாலும் தருமபுரி, கிருஷ்ணகிரி, வட ஆற்காட்டுப் பக்கமிருந்து இரண்டு தலைமுறைக்கு முன் வந்த குடும்பங்கள். கர்நாடகத்தில் வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி 2004இலேயே அறிவிக்கப்பட்டுவிட்டது. அதைக் கேட்டு வாங்கத்தான் இன்றைக்கும் சங்கம் தேவைப்படுகிறது. கூலி பாக்கி புகார்கள், குடியிருப்பைக் காலி செய்யச் சொல்லும் இடங்களில் வீட்டுக் கணக்கெடுப்பு, இவைதான் வேலை. நான் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன். பிரிண்டர் மாட்டிக் கொடுக்கப் போய் அப்படியே ஒட்டிக்கொண்டேன்.

ஜூன் மாதம் ஒரு அக்காவின் போன் பஸ்ஸில் தொலைந்தது. பூட்டு, திரையில் ஒரு 'ட' வரைந்தால் திறந்துவிடும். உள்ளே 190 குடும்பங்களின் ரேஷன் கார்டு போட்டோ, யார் யார் எந்த வீட்டு முதலாளிமேல் புகார் கொடுத்திருக்கிறார்கள் என்ற பட்டியல், சங்கத்தின் ஜிமெயில். அந்த ஜிமெயிலின் பாஸ்வேர்டு சங்கத்தின் பெயரும் 123ம். அது பன்னிரண்டு பேருக்குத் தெரியும். அதில் ஒருவர் சண்டை போட்டுக்கொண்டு விலகி இரண்டு வருஷமாகிறது. எடுத்தவன் போனை விற்றுவிட்டு டீ குடித்திருப்பான் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் அன்று இரவு யாரும் தூங்கவில்லை.

எதற்கு எதிராக இந்த வேலை என்பதை முதலிலேயே பேசிக்கொண்டோம். பெகாசஸ் பற்றி எல்லோரும் கேட்டார்கள். 2019இல் வாட்ஸ்அப் நிறுவனமே உலகம் முழுக்க 1,400 போன்களில் அந்த உளவு மென்பொருளை ஏற்ற முயற்சி நடந்ததாகச் சொன்னது. இந்தியாவில் செயல்பாட்டாளர்களுக்கும் செய்தியாளர்களுக்கும் எச்சரிக்கை வந்தது. அப்படி ஒன்று போனுக்குள் வந்துவிட்டால் நீங்கள் எட்டுச் சொல் வைத்தாலும் எண்பது சொல் வைத்தாலும் ஒன்றுதான், திறந்திருக்கும் வீட்டுக்குள் ஆள் உட்கார்ந்திருக்கிறான். பீமா கோரேகாவ் வழக்கில் கைதான செயல்பாட்டாளர் ரோனா வில்சனின் லேப்டாப்பை ஆராய்ந்த ஆர்சனல் கன்சல்டிங் என்ற அமெரிக்கத் தடயவியல் நிறுவனம் 2021இல் கொடுத்த அறிக்கையும் அப்படித்தான்: மின்னஞ்சலில் வந்த கோப்பைத் திறந்ததில் மால்வேர் நுழைந்தது, அதன் வழியே கோப்புகள் உள்ளே வைக்கப்பட்டன என்றது. வட்டுப் பூட்டு, அதாவது டிஸ்க்கில் இருப்பதை பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி வைப்பது, அதைத் தடுத்திருக்காது. நாங்கள் பார்த்தது சின்ன விஷயங்களை: தொலையும் போன், தூக்கிக்கொண்டு போகப்படும் லேப்டாப், பழைய உறுப்பினர், அப்புறம் அம்மாவின் போனை நோண்டும் மகன். கடைசியில் சொன்னதுதான் ஏழு பேரில் நான்கு பேருக்கு நிஜமான தொல்லை.

லேப்டாப் வேலை எளிது, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். எஸ்.பி. ரோட்டில் பழையது ஒன்று 11,500 ரூபாய். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு 240 ஜிபி எஸ்எஸ்டி போட்டேன், 1,800. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் ஏற்றினேன். முதல் தடவை ஹோம் ஃபோல்டருக்கு மட்டும் பூட்டு போட்டு ஏற்றிவிட்டு, அரை மணி கழித்து யோசித்துத் திரும்ப அழித்து, முழு வட்டுக்கும் பூட்டு போட்டு ஏற்றினேன். இதற்கு லக்ஸ் என்று பெயர். இதில் எனக்குப் பிடித்த விஷயம், ஒரே வட்டுக்குப் பல சாவி வைக்கலாம். லக்ஸ் இரண்டாம் பதிப்பில் 32 சாவித்துளை. ஏழு பேருக்கும் ஆளுக்கொரு சொற்றொடர் கொடுத்துவிட்டால், யாராவது விலகினால் அவருடைய துளையை மட்டும் அடைத்துவிடலாம். எல்லோருக்கும் புது பாஸ்வேர்டு சொல்லி அலைய வேண்டாம். ஒரே ஒரு எச்சரிக்கை: இந்தச் சாவித்துளைகள் இருக்கும் தலைப்பகுதியைப் பாதுகாப்புக்காக நகல் எடுத்து வைப்போம். ஆளை நீக்கிய பிறகு அந்தப் பழைய நகலையும் அழிக்க வேண்டும். இல்லாவிட்டால் அதை வைத்துப் பழைய சொற்றொடரால் திறக்க முடியும்.

சரி, சொற்றொடர். இங்கேதான் இரண்டரை மாதம் போனது.

ஆளையே யோசித்து வைக்கச் சொன்னால் பிள்ளை பெயரும் பிறந்த வருஷமும்தான் வரும். அதனால் பகடை உருட்டிச் சொல் எடுக்கும் முறையைப் பிடித்தேன். டைஸ்வேர் என்று 1995இல் ஆர்னால்ட் ரெய்ன்ஹோல்டு ஆரம்பித்தது. 7,776 சொல் கொண்ட பட்டியல். ஐந்து தடவை பகடை போட்டால் ஒரு சொல். 2016இல் எலெக்ட்ரானிக் ஃப்ரண்டியர் ஃபவுண்டேஷன் என்ற இணைய உரிமை அமைப்பு எளிதான ஆங்கிலச் சொற்களோடு புதுப் பட்டியல் போட்டது. அதை அச்சடித்துக் கொண்டுபோனேன். அதில் முதல் சொல் அபாகஸ். "அப்பா காசா?" என்று கேட்டார் இட்லிக் கடை அக்கா. அன்றைக்கே அந்தக் கத்தையைக் கட்டி வைத்துவிட்டேன். அவர்களுக்கு ஆங்கிலச் சொல் என்பது எழுத்துகளின் குவியல். எட்டுக் குவியலை யார் மனதில் வைப்பது?

அடுத்து, தமிழிலேயே வைத்தால் என்ன என்று தோன்றியது. முதல் வாரம் உற்சாகமாக, பாஸ்வேர்டுகளைச் சேர்த்து வைக்கும் கீபாஸ்எக்ஸ்சி பெட்டி ஒன்றைத் தமிழ் எழுத்துச் சொற்றொடரால் பூட்டினேன். அதில் 'கொடி' என்று ஒரு சொல். என் போனில் திறந்தது, லேப்டாப்பில் திறக்கவில்லை. ஒரு ராத்திரி முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். விஷயம் இதுதான்: யூனிகோடில் 'கொ'வின் குறியை ஒரே குறியீடாகவும் அடிக்கலாம், ஒற்றைக்கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று தனித்தனியாகவும் அடிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கம்ப்யூட்டருக்கு அவை வேறு வேறு. 'ஔ' குறிக்கும் இதே கதை, 'ஸ்ரீ'க்கும் இதே கதை. நான் லேப்டாப்பில் கொம்பையும் காலையும் தனியாக அடித்திருந்தேன். பாஸ்வேர்டு பெட்டியில் எல்லாம் புள்ளியாகத் தெரிவதால் கண்ணால் பிடிக்க வழியே இல்லை. அது போதாதென்று, லேப்டாப் ஆன் ஆனதும் வட்டைத் திறக்கச் சொல்லிக் கேட்கும் அந்த முதல் திரையில் நாம் பழகிய தமிழ்த் தட்டச்சு எதுவும் வேலை செய்யாது. தமிழ் எழுத்து அதோடு முடிந்தது.

மிச்சமிருந்தது, வாட்ஸ்அப்பில் எல்லோரும் அடிக்கும் அந்தத் தமிழ். ஆங்கில எழுத்தில் தமிழ்ச் சொல். ஏழு பேரில் ஐந்து பேர் தினமும் அப்படித்தான் அடிக்கிறார்கள். இரண்டு பேர் வாய்ஸ் மெசேஜ் மட்டும். நான் மடத்தனமாக, ஒரே உட்காரலில் ஒரு பட்டியல் எழுதி, 'ழ'வுக்கு இசட்-எச், நெடிலுக்கு இரண்டு எழுத்து என்று விதியும் எழுதிக் கொடுத்தேன். 'வாழைப்பழம்' என்ற சொல்லை ஐந்து பேரும் ஐந்து விதமாக அடித்தார்கள். ஒருவருடையதில்கூட இசட் இல்லை. "தம்பி, நாங்க அடிக்கிற மாதிரி நீ எழுதிக்கோ, நீ எழுதுற மாதிரி நாங்க அடிக்க முடியாது" என்றார் தலைவி அக்கா. அப்போது கொஞ்சம் கோபம் வந்தது. அவர் சொன்னதுதான் கடைசியில் வேலை செய்தது.

அதனால் தலைகீழாகப் போனோம். 640 சொல் எழுதினேன்: சமையலறை, தெரு, உடம்பு, விலங்கு, பண்டிகை. நான் ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்ல, ஐந்து பேரும் பக்கத்துப் போனைப் பார்க்காமல் வாட்ஸ்அப்பில் அடிப்பதுபோலவே அடிக்க வேண்டும். ஐந்து பேரும் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி அடித்த சொல் மட்டும் பட்டியலில் நிற்கும். முதல் ஞாயிறு 200 சொல்லுக்கு ஒன்றேகால் மணி நேரமானது. வீட்டுக்கு வந்து ஒப்பிட்டால், ஆச்சரியமான அளவுக்கு ஒற்றுமை. சந்தோஷமாகப் படுத்துவிட்டுக் காலையில் பார்த்தால் 'நரி'க்கு மூன்று பேர் ஏதோ ஒரு ஆங்கிலப் பெயரை அடித்திருக்கிறார்கள். கீபோர்டின் பரிந்துரை தானே சொல்லை மாற்றியிருக்கிறது. நான் அளந்தது அக்காக்களின் விரலை என்று நினைத்தேன், அளந்தது போனை. 200 சொல்லும் வீண். அடுத்த வாரம் பரிந்துரையையும் தானாகத் திருத்துவதையும் ஐந்து போனிலும் அணைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தோம். மொத்தம் நான்கு ஞாயிறு.

இந்த நான்கு ஞாயிறும் எனக்குப் பிடித்த பகுதி. 'குதிரை'யை எடுத்துக்கொள்ளுங்கள். நடு எழுத்துக்கு ஒருவர் டாக்டரின் டி போடுகிறார், ஒருவர் டிக்கெட்டின் டி, ஒருவர் அதற்குப் பின்னால் எச். கடைசி ஐகாரத்துக்கு மூன்று விதம். ஐவரில் ஒருத்தியான, கன்னடப் பள்ளியில் படித்த தங்கை சாதாரணமாக 'குதுரெ' என்றே அடித்திருந்தாள். 'பழம்', 'பலம்', 'பாலம்' மூன்றும் காலி. 'சோறு'க்கு எஸ்ஸா, சி-எச்சா என்று சண்டை. ஆனால் 'புலி'யும் 'புளி'யும் பிரச்சினையே இல்லை. இரண்டையும் எல்லோரும் ஒரே மாதிரிதான் அடிக்கிறார்கள், ஆகவே பட்டியலில் அது ஒரு சொல். யாருக்கு அது மிருகம், யாருக்கு ரசத்தில் போடுவது என்பது அவரவர் பாடு.

நின்றவை எவை என்றால், குறில் மட்டும் உள்ள சின்னச் சொற்கள்: நரி, எலி, கிளி, மணி, மரம், மலர், விரல், அரிசி. இரட்டித்த மெய் உள்ளவை: உப்பு, பருப்பு, அப்பம். பிறகு நான் எதிர்பார்க்காத ஒரு கூட்டம், போர்டில் பார்த்துப் பழகியவை. சாம்பாரை விதிப்படி எழுதினால் நாலு விதம் வர வேண்டும், ஐந்து பேரும் ஒரே மாதிரி அடித்தார்கள். ஓட்டல் பலகையில் பல வருஷமாக அப்படித்தான் இருக்கிறது. ரசம், பஸ், ஆட்டோ, மெட்ரோ, டிக்கெட், மெஜஸ்டிக், ஓசூர், கோலார் எல்லாம் இப்படி நின்றவை. அல்சூர் விழுந்துவிட்டது, ஏனென்றால் பாதிப் பேருக்கு அது அல்சூர், பாதிப் பேருக்குப் பலகையில் இருக்கும் ஹலசூரு. பரோட்டா விழுந்துவிட்டது. அதை யாரும் இன்னொருவர் மாதிரி எழுதுவதில்லை.

640இல் 283 நின்றது. நான் ஆசைப்பட்டது 1,024. அந்த ஆசையை விட்டுவிட்டு 256 போதும் என்று முடிவு செய்ததற்குக் காரணம் தாயக்கட்டை.

ஆறு முகப் பகடை வாங்கத்தான் அவென்யூ ரோட்டுப் பக்கம் போனேன். பாத்திரக் கடையில் பித்தளைத் தாயக்கட்டை கண்ணில் பட்டது. நாலு பக்கம்: ஒரு புள்ளி, இரண்டு, மூன்று, ஒன்று வெறும் பக்கம். ஜோடி 260 ரூபாய். ஒரு கட்டையின் முனையில் சிவப்பு நகப்பூச்சு வைத்துவிட்டால் இரண்டையும் பிரித்துச் சொல்லலாம். சிவப்பில் நாலு, வெறுங்கட்டையில் நாலு, ஒரு வீச்சில் பதினாறு வகை. அப்படியென்றால் 16 வரிசை, 16 பத்தி உள்ள ஒரு கட்டம். முதல் வீச்சு வரிசை, இரண்டாம் வீச்சு பத்தி. 256 சொல், ஒரே ஒரு ஏ4 தாளில், லேமினேட் செய்து. இரண்டு வீச்சுக்கு ஒரு சொல், பதினாறு வீச்சுக்கு ஒரு சொற்றொடர். அக்காக்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தாயம் ஆடாதவர் அந்த அறையில் நான் ஒருவன்தான். ஒரே ஒரு குழப்பம், இரண்டும் வெறும் பக்கமாக விழுந்தால் ஆட்டத்தில் பன்னிரண்டு, இங்கே சுழி-சுழி. பழக்க தோஷத்தில் அதற்கு ஒரு வீச்சு கூடுதலாகப் போட்டுவிடுகிறார்கள்.

"இந்தத் தாள் திருடு போனா?" என்று கேட்டார் ஒருவர். போகட்டும். தாள் ரகசியம் இல்லை, வீச்சுதான் ரகசியம். எட்டுச் சொல்லுக்கு வாய்ப்புகள் 18க்குப் பின்னால் 18 சுழி போட்டால் வரும் எண்ணைவிட அதிகம். வட்டுப் பூட்டும் ஒவ்வொரு முயற்சியையும் வேண்டுமென்றே மெதுவாக்குகிறது. எங்கள் லேப்டாப்பில் ஒரு தடவைக்கு ஏறத்தாழ 2 நொடி.

பித்தளைக் கட்டை கையால் வார்த்தது, ஒரு பக்கமாகச் சாயுமோ என்ற சந்தேகம். இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து சிவப்புக் கட்டையை 400 தடவை உருட்டிக் கோடு போட்டேன். பக்கத்துக்கு 100 வர வேண்டும். வெறும் பக்கம் 88, ஒன்று 121, இரண்டு 83, மூன்று 108. நேர்மையான கட்டை இல்லை. வேறு கடையில் 190 ரூபாய்க்கு இன்னொரு ஜோடி வாங்கி உருட்டினால் 104, 97, 93, 106. அதை வைத்துக்கொண்டோம். ஆனால் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்ததில் முதல் கட்டையையே வைத்திருந்தாலும் பெரிய நஷ்டமில்லை. சொற்றொடரின் பலத்தை பிட் கணக்கில் சொல்வார்கள், ஒரு பிட் குறைந்தால் கண்டுபிடிப்பது இரண்டு மடங்கு எளிது. 64 பிட் வர வேண்டிய இடத்தில் 63க்கு மேல் வந்திருக்கும், அவ்வளவுதான். இரண்டு சாயங்காலமும் 190 ரூபாயும் தண்டம்.

நிஜமான ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. முதல் அக்கா உருட்டியதும் 'எலி' விழுந்தது. "எலி வேணாம், வேற போடுறேன்." அடுத்தது 'சனி'. "ஐயோ, சனியா!" இப்படியே பிடித்த சொல் வரும்வரை உருட்டி, கடைசியில் மல்லி, மணி, விளக்கு என்று பூஜைத் தட்டு மாதிரி ஒரு சொற்றொடர் எடுத்தார். 256இல் எல்லோருக்கும் பிடித்தவை நாற்பது இருக்குமா? நாற்பதிலிருந்துதான் எடுக்கிறார்கள் என்று தெரிந்தவனுக்குக் கண்டுபிடிப்பது 28 லட்சம் மடங்கு எளிது. நான் கட்டைக்கு 400 தடவை சோதனை வைத்தேன், கைக்கு வைக்கவில்லை.

அன்றைய வேலையை நிறுத்திவிட்டு, யாருக்கெல்லாம் எந்தச் சொல் ஆகாது என்று கேட்டு முதலிலேயே நீக்கினோம். சனி, பிணம் மாதிரி 41 சொல் போனது. 242 மிச்சம். குறைந்த 14ஐ போர்டுச் சொற்களால் நிரப்பினேன்: காபி, ஓட்டல், கரண்ட் இந்த வகை. அப்புறம் விதி: விழுந்தது விழுந்ததுதான். வேண்டுமானால் முழுச் சொற்றொடராக இரண்டு போட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், அதனால் ஒரு பிட்தான் போகும். வரிசையை மாற்றக் கூடாது. இதை விளக்கத்தான் சிரமப்பட்டேன். எட்டுச் சொல்லைத் தனக்குப் பிடித்த வரிசையில் அடுக்க விட்டால் 15 பிட் வரை போய்விடும், அதாவது நாற்பதாயிரம் மடங்கு எளிதாகும். கதை கட்டட்டும், ஆனால் விழுந்த வரிசையிலேயே கட்டட்டும்.

இந்தப் பதிவுக்காக உருட்டியது ஒன்று: நரி மெஜஸ்டிக் உப்பு கிளி பஸ் அரிசி மணி ரசம். நரி மெஜஸ்டிக்கில் உப்பு வாங்கியது, கிளி பஸ்ஸில் அரிசி கொண்டுவந்தது, மணி அடித்ததும் ரசம். பத்து நிமிஷத்தில் எனக்கே மனப்பாடம். இதை யாரும் எடுத்து வைத்துக்கொள்ளாதீர்கள்.

சொல்லுக்கு நடுவில் இடைவெளி விட்டுப் பார்த்தோம். புள்ளிகளுக்கு நடுவில் எத்தனை இடைவெளி விட்டோம் என்று தெரியாமல் தப்பு வந்தது. எல்லாவற்றையும் ஒட்டி அடிப்பது என்று முடிவானது. அப்போது பார்த்தால் பட்டியலில் 'உப்பு' இருக்கிறது, 'மா' இருக்கிறது, 'உப்புமா'வும் இருக்கிறது. ஒட்டி அடித்தால் இரண்டு சொல்லும் ஒரு சொல்லும் ஒன்றாகிவிடும். 'மா'வை எடுத்துவிட்டு அங்கே 'சேலம்' போட்டேன். இன்னும் இதுபோல இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

பழகும் வாரத்தில் இரண்டு விபத்து. ஒரு அக்கா சீட்டை போட்டோ எடுத்துத் தனக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்திருந்தார். அவருடைய போட்டோக்கள் தானாக கூகுள் கணக்குக்கு ஏறும். அந்தக் கணக்கு மகனுடைய போனிலும் இருக்கிறது. இன்னொருவர் சொற்றொடரை மறக்காமலிருக்க தினமும் வாட்ஸ்அப்பில் தனக்குத் தானே அடித்துப் பழகியிருக்கிறார். நல்ல மாணவி. எனக்குக் காட்டுவதற்காக முதல் சொல்லை அடித்ததும் கீபோர்டே இரண்டாவது சொல்லை எடுத்துக் கொடுத்தது, அதைத் தொட்டதும் மூன்றாவது. பாஸ்வேர்டு பெட்டியில் அடித்தால் கீபோர்டு பொதுவாகக் கற்றுக்கொள்ளாது. சாதாரணப் பெட்டியில் அடித்தால் கற்றுக்கொள்ளும். இருவருக்கும் புதிதாக உருட்டி, பழைய சாவித்துளையை அடைத்து, கீபோர்டு கற்றதை அமைப்பில் போய் அழித்தோம். இப்போது பழகுவது லேப்டாப்பில் மட்டும், அல்லது பேனாவால் எழுதி அடுப்பில் போடுவது.

சீட்டு இரண்டு வாரம் வரை வைத்திருக்கலாம் என்றோம். எங்கே வைப்பது என்பது அவரவர் சாமர்த்தியம். ஒருவர் கோலப்பொடி டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தாராம். வீட்டில் வேறு யாரும் அதைத் தொட மாட்டார்களாம்.

போனுக்கு எட்டுச் சொல் தேவையில்லை, பூட்டைத் திறக்க ஒரு நாளைக்கு ஐம்பது தடவை யார் அடிப்பது? கோடு போடும் பூட்டை எடுத்துவிட்டு, மூன்று சொல் அல்லது எட்டு இலக்க எண். தப்பாக அடிக்க அடிக்க போனே காக்க வைக்கும் என்பதால் அது போதும். கூட்டத்துக்கோ ஊர்வலத்துக்கோ போகும்போது போனை ஒரு தடவை அணைத்து ஆன் செய்துவிட்டு, எண்ணை அடிக்காமல் பையில் வைப்பது நல்லது. அப்போது விரல் ரேகை வேலை செய்யாது, உள்ளே இருப்பது பூட்டியபடியே இருக்கும். லேப்டாப்புக்கும் இதே கதைதான். மூடியை மூடினால் தூங்குகிறதே தவிரப் பூட்டு விழுவதில்லை. முதல் மூன்று வாரம் அது எப்போதும் தூங்கிக்கொண்டுதான் இருந்தது, சாவி உள்ளேயே தொங்கிய வீடு மாதிரி. மூடியை மூடினால் முழுக்க அணையும்படி மாற்றினேன்.

பேச்சுகளை வாட்ஸ்அப்பிலிருந்து சிக்னல் என்ற செயலிக்கு மாற்றி, செய்திகள் நான்கு வாரத்தில் தானாக மறையும்படி வைத்தோம். ஏழு பேரில் மூன்று பேர் இன்னும் வாட்ஸ்அப்பில்தான் இருக்கிறார்கள். அதற்காவது இரண்டடுக்குச் சரிபார்ப்பு எண் போட்டாயிற்று.

போலீஸ் கேட்டால் சொல்ல வேண்டுமா என்பதுதான் எல்லோரும் கேட்ட கேள்வி. சங்கத்துக்கு உதவும் வக்கீல் அக்கா ஒரு மணி நேரம் வந்து பேசினார். 2021 மார்ச்சில் கர்நாடக உயர் நீதிமன்றம், பாஸ்வேர்டு கொடுப்பது தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்வதாகாது என்றது. அதே தீர்ப்பில் தேடுதல் வாரண்ட் பற்றியும் வழிமுறைகள் தந்தது. 2022இல் டில்லியில் ஒரு சிபிஐ நீதிமன்றம் வேறு மாதிரிச் சொன்னது. ஆகவே அவர் தந்த அறிவுரை: யாராவது கேட்டால் முதலில் தனக்குப் போன், பிறகுதான் மற்றது. கருவியை எடுத்துக்கொண்டு போனால் ஹாஷ் மதிப்பை எழுதி வாங்கச் சொல்ல வேண்டும் என்றார். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழிலேயே அதற்கு இடம் இருக்கிறதாம். உள்ளே இருப்பது பிறகு மாறவில்லை என்று காட்ட அந்த எண் உதவும்.

மொத்தச் செலவு: லேப்டாப்பும் எஸ்எஸ்டியும் 13,300, பேக்கப்புக்கு இரண்டு பென் டிரைவ் 760, தாயக்கட்டை இரண்டு ஜோடி 450, அச்சும் லேமினேஷனும் 150, டீ, வடை 1,140. ஆக 15,800. நகப்பூச்சு தங்கையுடையது.

அடுத்த தடவை 640 சொல்லில் தொடங்க மாட்டேன். தெருவில் நடந்து பலகைகளைப் படம் எடுத்துக்கொண்டு வந்து அதிலிருந்து தொடங்குவேன், பாதி நேரம் மிச்சமாகும். வாய்ஸ் மெசேஜ் மட்டும் அனுப்பும் இரண்டு பேரையும் ஆரம்பத்திலேயே சேர்த்திருக்க வேண்டும். அவர்களுடைய விரலைக் கேட்காமல் செய்த பட்டியலை அவர்கள் படம்போல மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. இரண்டாம் தடவை தேவைப்பட்டவர்கள் அவர்கள்தான்.

என் கதைக்கு வருகிறேன். என் சொற்றொடரில் ஆறாவது சொல் வடை. பட்டியலில் அது பெங்களூர் ஓட்டல் பலகையில் இருப்பதுபோல, அகரத்தோடு முடிந்துவிடும். ஐந்து பேரும் அப்படித்தான் அடித்தார்கள், நான்தான் எழுதிக்கொண்டேன். ஆனால் நான் திருநெல்வேலிக்காரன். என் விரல் தன்பாட்டுக்குக் கடைசியில் இன்னொரு எழுத்தைச் சேர்த்துவிடுகிறது. பட்டியலைச் சோதித்த ஐந்து பேரில் நான் இல்லை. இட்லிக் கடை அக்கா தன்னுடைய சொற்றொடரால் லேப்டாப்பைத் திறந்து கொடுத்தார். "டெய்லி எங்கிட்ட வாங்கித் தின்றே, அதை எழுதத் தெரியலையே தம்பி" என்றார். என் துளையை அடைத்துவிட்டுப் புதிதாக உருட்டிக்கொண்டேன்.

பக்கத்துப் பகுதியில் கன்னடம் பேசும் அக்காக்கள் தங்களுக்கும் ஒரு தாள் கேட்டிருக்கிறார்கள். வரும் ஞாயிறு முதல் 150 சொல். போன்களில் பரிந்துரையை அணைத்த பிறகுதான் வாயைத் திறப்பேன்.